அக்பர் நடாத மரங்கள்

இது நடந்தது அறுபத்தைந்தாம் வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா என்று கேட்டால் எனக்கு அடித்துச் சொல்லத் தெரியாது. இந்திப் போராட்டத்தில் கல்லூரிகளை மூடித் திறந்த வருஷம் என்று ஒரு ஞாபகம். அந்தக் கோடையில் ஒரு மழைகூட இல்லை என்று இன்னொரு ஞாபகம். இரண்டும் ஒரே வருஷத்தைச் சேர்ந்தவைதானா என்பது சந்தேகம். வக்கீல் சௌகத் அலி எனக்குச் சொன்னது பாதி, சொல்லாமல் விட்டது பாதி. அவர் விட்ட இடங்களில் நானாகப் போட்டு நிரப்பியது எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு பையன்களும் காப்பி அடிக்கவில்லை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் கிடையாது.

சௌகத் அலி திண்டுக்கல் கோர்ட்டில் தொழில் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பேகம்பூரில் ஒரு தோல் மண்டிக்கு மேலே மாடி அறை. கீழே உப்புப் போட்ட தோல்கள் அடுக்கியிருக்கும். புதிதாக வரும் கட்சிக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். கோர்ட்டில் எதிர்த்தரப்பு பேசி முடித்ததும் அவர் எழுந்து நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். நீதிபதியே கேட்ட பிறகுதான் வாய் திறப்பார். பார் ரூமில் அவருக்கு ஊமை வக்கீல் என்று பெயர். “ஊமை இன்னைக்குச் சைகையிலேயே ஸ்டே வாங்கிட்டாருப்பா” என்று யாராவது சொல்ல, மற்றவர்கள் சிரிக்க, அவரும் சத்தமில்லாமல் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் மத்தியானம் ஜெய்தூன் பீவி இரண்டு பையன்களோடு அந்தப் படியேறி வந்தாள். சௌகத் அலிக்கு அவள் தூரத்து உறவில் அக்கா முறை. புருஷன் இறந்த பிறகு வீட்டு முன்னறையில் இடியாப்பமும் பாயாவும் விற்று ஒரே மகனைப் படிக்க வைத்தவள். அந்த மகன் மீரான். கூட வந்தவன் கண்ணுசாமி, செம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம், அவர்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். இரண்டு பேரும் புகுமுக வகுப்புப் பரீட்சை எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் முடிவு வந்தது. இவர்களுக்கு மட்டும் தண்டனை வந்தது.

வரலாற்றுத் தாளில் ஒரு கேள்விக்கு இரண்டு பேர் விடையும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கிறது, அதில் உள்ள தவறும் ஒன்றாக இருக்கிறது, இருவரும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து எழுதியவர்கள், ஆகவே இரண்டு வருஷத்துக்கு எந்தப் பரீட்சையும் எழுதக் கூடாது என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. அது என்ன தவறு என்று எழுதவில்லை.

“தம்பி, எம் புள்ள காப்பி அடிச்சானாம்” என்றாள் ஜெய்தூன் பீவி. “பக்கத்து வீட்டுக் கோழி நம்ம வீட்டுல முட்டை விட்டுட்டுப் போனாக்கூட, அதைக் கொண்டு போய்க் குடுத்துட்டு வாரவன் இவன். இவனா அடுத்தவன் பேப்பரைப் பாப்பான்?”

இரண்டு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மீரானை அவன் பெரியத்தா, அப்பாவின் அண்ணன், தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்பிவிடுவார். கண்ணுசாமிக்கு வெங்காயக் காடும் கல்யாணமும் காத்திருந்தன. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் போய்ப் பரீட்சை எழுதிய பையனை யாரும் பார்த்ததில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், சௌகத் அலி முதலில் அவர்களை நம்பவில்லை. ஜெய்தூன் பீவியை அனுப்பிவிட்டு, யார் யாரைப் பார்த்து எழுதியது என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு பேசாமல் இருந்தார். அது அவர் பழக்கம். பொய் சொல்ல வந்தவர்களால் மௌனத்தைத் தாங்க முடியாது. எதையாவது அள்ளிப் போட்டு நிரப்பப் பார்ப்பார்கள். ஆனால் இந்தப் பையன்களும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஒரு வண்டி வந்து, தோல் ஏற்றிக்கொண்டு போனது. அவருக்கே அந்த மௌனம் கனக்கத் தொடங்கியபோது கண்ணுசாமி சொன்னான்:

“பாத்து எழுதணும்னா அவன் எழுத்து எனக்குப் புரியணும்ல சார்? அவன் எழுதுனதை அவனாலேயே வாசிக்க முடியாது.”

மீரான் கோபமாக அவனைப் பார்த்தான். சௌகத் அலிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் எப்படிப் படித்தீர்கள் என்று கேட்டார்.

அந்த வருஷம் கண்ணுசாமிக்கு டைபாய்டு வந்து பல வாரம் கல்லூரிக்குப் போகவில்லை. வாத்தியார் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்ட நோட்ஸ் எதுவும் அவனிடம் இல்லை. பரீட்சைக்கு முந்தைய விடுமுறையில் மீரான் செம்பட்டிக்குப் போய் அவன் தோட்டத்திலேயே தங்கிவிட்டான். இங்கிலீஷில் சொந்தமாக எழுத இரண்டு பேருக்கும் வராது. மனப்பாடம்தான் வழி. கண்ணுசாமி பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பான். மீரான் நோட்டைத் திறக்காமல் வரப்பில் நடந்தபடி ஒரு வரி சொல்வான், கண்ணுசாமி அதைத் திருப்பிச் சொல்வான். சரி என்றால் மீரான் ‘ம்’ என்பான். தப்பு என்றால் ‘ம்’ வராது. அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மறுநாள் கண்ணுசாமி ‘ம்’ கொட்ட, மீரான் சொல்வான்.

“இந்த மாதிரிப் படிக்க உனக்கு யார் சொல்லிக் குடுத்தது?” என்று சௌகத் அலி மீரானைக் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. மீரான் சின்ன வயதில் மதரஸாவில் குர்ஆனை மனனம் செய்ய ஓதிப் பாதியில் விட்டவன். பேகம்பூரில் பாதிப் பேர் அப்படி விட்டவர்கள்தான். சௌகத் அலியும்.

கண்ணுசாமியை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, சந்தேகப்பட்ட அந்த விடையைச் சொல்லச் சொன்னார். கேள்வி அக்பரின் நிலவரி முறை பற்றியது. மீரான் கண்ணை மூடினான். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. நிலத்தை அளந்தது, தரம் பிரித்தது, வரி விதித்தது என்று இங்கிலீஷ் ஓதுகிற ராகத்தில் ஓடியது. ‘இதனால் உழவர்கள் நிம்மதியாக வாழ்ந்தனர், கருவூலமும் நிரம்பியது’ என்ற வரி வந்தது. அடுத்த வரியில் அக்பர் நாடு முழுக்கச் சாலை போட்டு, இரண்டு பக்கமும் மரம் நட்டு, வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினார். மீரான் நிற்காமல் சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தான்.

சாலையும் மரமும் சத்திரமும் ஷெர்ஷாவுக்கு உரியவை. பி.ஏ.யில் வரலாறு படித்த சௌகத் அலிக்கு அது தெரியும்.

கண்ணுசாமியைக் கூப்பிட்டு, மீரானை அனுப்பிவிட்டு, அதையே கேட்டார். அதே வரியில் அவனுடைய அக்பரும் மரம் நட்டார்.

நோட்ஸ் சொல்லித் தந்த வாத்தியாருக்கு ‘உழவர்கள் நிம்மதியாக வாழ்ந்தனர்’ என்ற அந்த வரி பிடித்திருந்திருக்க வேண்டும். ஷெர்ஷா பாடத்திலும் அதையே போட்டிருந்தார். கண்ணால் பார்த்துப் படித்தவனுக்கு அது வேறு பக்கம், வேறு தலைப்பு. காதால் படித்தவனுக்கு வரிதான் வழி. இரண்டு பாதைகள் ஒரே வரியில் வந்து சேரும்போது நாக்கு பழகின பக்கம் திரும்பிவிடும். மதரஸாவில் இப்படி ஒரே மாதிரி வரும் இடங்களில் தடம் மாறி, ஓதிக் கொடுக்கும் அஸரத்திடம் அடி வாங்காத பையன் கிடையாது. தடம் மாறினவனுக்குத் தான் மாறினது தெரியவே தெரியாது. அதுதான் அதில் உள்ள சங்கடம். சௌகத் அலியின் முழங்கால் அந்த நினைவில் கூசியது. மீரான் தடம் மாறிச் சொன்னான், கண்ணுசாமி அதைப் பாடமென்று வாங்கிக்கொண்டு ‘ம்’ கொட்டினான். அதோடு அது இருவருக்கும் உறைந்துவிட்டது.

“எது மாமு தப்பு?” என்று மீரான் கேட்டான்.

“தெரிய வேணாம்.”

“தெரிஞ்சாத்தானே திருத்திக்கிறதுக்கு?”

“திருத்தக் கூடாது. ரெண்டு பேரும் நோட்ஸைத் தொடக் கூடாது. தொட்டா நான் இதுல இல்லை.”

அதன் பிறகு பல நாள் மத்தியானம் அவர்களை வரவழைத்து, ஒருவனை வெளியே நிறுத்தி மற்றவனிடம் பாடம் கேட்டார். பெரும்பாலான பாடங்கள் சரியாக ஓடின. வேறு இரண்டு மூன்று இடங்களில் இருவரும் ஒரே மாதிரித் தடம் மாறினார்கள். பரீட்சையில் கேட்காத பாடங்கள் அவை. அதில் ஒன்று ஹர்ஷருடையது. ஹர்ஷர் நடுவழியில் அசோகராகி, மிருகங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் போய்விட்டார். சௌகத் அலி முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தப்புகள்தான் தன் கையில் உள்ள ஒரே சாட்சி என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தப்பு என்று ஒரு சொல் சொன்னால் அந்தச் சாட்சி செத்துவிடும்.

பல்கலைக்கழகத்துக்கு மேல்முறையீடு எழுதினார். தேர்வுக் கூடத்தில் மேற்பார்வை பார்த்தவர் தான் எந்தத் தவறையும் காணவில்லை என்று எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து அனுப்பினார். மேற்பார்வையாளர் காணாததால் நடக்கவில்லை என்று ஆகாது என்று பதில் வந்தது. நேரில் விசாரிக்காமல் தண்டிப்பது முறையல்ல என்று மறுபடி எழுதினார். அப்படி விசாரிக்கும் வழக்கமில்லை என்று பதில். வழக்கமில்லை என்பது விதி இல்லை, அப்படி ஒரு விதி இருந்தால் அதன் எண்ணைத் தெரிவிக்கவும் என்று மறுபடி எழுதினார். பார் ரூமில், ஊமை தபாலிலாவது வாய் பேசுகிறாரே என்றார்கள். கடைசியில் மதுரையில் ஒரு கல்லூரியில் விசாரணைக் குழு கூடும், மாணவர் தனித்தனியே தந்தையோடோ காப்பாளரோடோ வரலாம், வக்கீல் கூடாது என்று கடிதம் வந்தது.

அதற்குள் கல்லூரி முதல்வர் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு ஒரு யோசனை சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. கல்லூரி புதியது, பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார். ஒருவன் பார்த்து எழுதினதாக ஒத்துக்கொண்டால் மற்றவன் தப்பித்துவிடுவான் என்பது அவர் எண்ணம்.

ஜெய்தூன் பீவி அன்றைக்கே வந்துவிட்டாள். “நம்ம புள்ளைய மட்டும் பாரு தம்பி. அந்தப் பையனுக்கு நிலம் நீச்சு இருக்கு. இவனுக்கு என்ன இருக்கு, என் இடியாப்ப உரலா?”

அவள் செத்த நேரம் சௌகத் அலியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தான் அப்படிக் கேட்டதை மீரானிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மறுநாள் கண்ணுசாமியின் அப்பா கருப்புசாமி வந்தார். அரை மூட்டை வெங்காயத்தைத் தலையில் சுமந்து மாடிக்கே கொண்டு வந்து இறக்கினார். அவரும் அதிகம் பேசாதவர். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

“பயக முகமே சரியில்லைங்க வக்கீலய்யா” என்றார் கடைசியில். “எம்மவன் ராவும் பகலும் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே கெடக்கான். நாந்தான் பாத்து எழுதுனேன்னு அங்க போயிச் சொல்லிருவான் போலருக்கு. கேட்டா, மீரானுக்கு அப்பன் இல்லையேப்பாங்கிறான். அதுக்கு நான் என்ன பண்றது, சாகவா முடியும்?”

சௌகத் அலி அவரோடே பஸ் ஏறிச் செம்பட்டிக்குப் போனார். கண்ணுசாமி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இந்த முறை அவரே முதலில் பேசினார்.

“நீ பாத்து எழுதுனேன்னு சொன்னா, காட்டுனவன் எவன்னு கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் அதே தண்டனைதான். அதைக்கூட விடு. நடக்காத ஒண்ணை நடந்ததுன்னு உன் வாயால சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா, அதுக்கு மேல அப்பீலே கிடையாது கண்ணுசாமி. அவங்க எழுதுனதை நான் எதுத்து எழுதலாம். நீ எழுதுனதை நான் எப்படி எதுத்து எழுதுறது?”

சாயங்காலம் வரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது, “சொல்ல மாட்டேன் சார்” என்றான்.

மதுரையில் விசாரணை நாளன்று வெயில் தகித்தது. சௌகத் அலி கறுப்புக் கோட்டு இல்லாமல், வெள்ளைச் சட்டையில், மீரானின் காப்பாளராக உள்ளே போனார். ஜெய்தூன் பீவி அப்படி எழுதிக் கொடுத்திருந்தாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், வயதானவர், காது மடலில் ரோமம் முளைத்தவர். ஒரு பக்கம் வரலாறு கற்பிக்கும் ஓர் அம்மையார். இன்னொரு பக்கம் கையில் விடைத்தாள்களோடு ஓர் அதிகாரி.

ஒரே இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே தவறு எப்படி வரும் என்று தலைவர் கேட்டார். சௌகத் அலி எழுந்து வழக்கம்போல நின்றார். தலைவர் பொறுமையிழந்து பேனாவை மேஜையில் தட்டினார்.

“இந்தப் பையன்கள் காகிதத்திலிருந்து படிக்கவில்லை. ஒருவன் வாயிலிருந்து ஒருவன் படித்தார்கள்” என்றார் சௌகத் அலி. “பரீட்சையில் வராத பாடங்களைக் கேளுங்கள். இவனைத் தனியாக, அவனைத் தனியாக. வராத கேள்விக்கு யாரும் யாரையும் பார்த்து எழுதியிருக்க முடியாது.”

“ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.”

“பாடத்தை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். நான் ஒன்றையும் சொல்லப் போவதில்லை.”

ஹர்ஷர் பெயர் அவர் நாக்கு நுனியில் இருந்தது. அதை அவர் சொல்லியிருந்தால், ஒத்திகைதான் என்று ஆகி அன்றைக்கே எல்லாம் கெட்டிருக்கும்.

தலைவர் சோழர் ஆட்சி முறையைக் கேட்டார். மீரான் கண்ணை மூடி ஆடியபடி சொல்லி முடித்தான், தவறில்லை. குப்தர் காலக் கலைகளைக் கேட்டார். அதிலும் தவறில்லை. சரியாகச் சொல்வது இங்கே எதற்கும் உதவாது. நன்றாகப் படித்த யாரும் சரியாகச் சொல்வார்கள். அம்மையார் பாடப்பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். விஜயநகரத்தில் அவர் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது.

“ஹர்ஷரின் ஆட்சியைச் சொல்லு.”

மீரான் சொன்னான். ஹர்ஷர் தானம் செய்தார், சபை கூட்டினார், மக்கள் நலமே தன் நலம் என்று வாழ்ந்தார். அடுத்த மூச்சில் மிருகங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டினார். அம்மையாரின் பேனா எழுந்து நின்றது. அவர் எதையோ குறித்துக்கொண்டார். மீரானையும் சௌகத் அலியையும் கட்டடத்துக்கு மறுகோடியில் போய் உட்காரச் சொன்னார்கள். கூட ஒரு பியூனையும் காவலுக்கு அனுப்பினார்கள்.

கண்ணுசாமியும் கருப்புசாமியும் எதிர்ப்பக்கத்து வராண்டா வழியாக உள்ளே போனார்கள். அங்கிருந்து எதுவும் கேட்கவில்லை. மீரான் எதையோ கேட்க வாயெடுத்தான்; சௌகத் அலி தலையை ஆட்டி நிறுத்தினார். அவர் கோர்ட்டில் எவ்வளவோ நேரம் பேசாமல் நின்றிருக்கிறார். அதெல்லாம் அவராக எடுத்துக்கொண்ட மௌனம். இது அவர் மேல் போட்டு மூடிய மௌனமாக இருந்தது. அந்தப் பையனுக்கு அக்பரைத் தவிர எல்லாம் மறந்துபோயிருந்தால்? அல்லது ஆசைப்பட்டு நோட்ஸைத் திருட்டுத்தனமாகப் பார்த்துத் திருத்தியிருந்தால்?

உள்ளே நடந்ததைப் பிறகு கருப்புசாமி சொன்னார். அம்மையார் அதே பாடங்களை அதே வரிசையில் கேட்டாராம். கண்ணுசாமி எழுந்து நின்றான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தலைவர், என்ன, ஒன்றுமே படிக்கவில்லையா என்று கேட்டார். அப்புறமும் வரவில்லை. விடைத்தாள் வைத்திருந்த அதிகாரி அதைக் கட்டிவைக்க ஆரம்பித்துவிட்டார்.

“எனக்கு அப்பத்தான் ஓடுச்சு” என்றார் கருப்புசாமி. “தோட்டத்துல அந்தப் பய ‘ம்’ போட்டாத்தான இவன் அடுத்தது சொல்லுவான்? இங்க ம் போட எவன் இருக்கான்? நான் போட்டேன். தலைவரு என்னைய முறைச்சாரு, பெரியவரே நீங்க பேசக் கூடாதுன்னாரு. பேசலைங்க, கேட்டுக்கிட்டு இருக்கேன்னேன். அந்தம்மா சிரிச்சிருச்சு. இவன் ஆரம்பிச்சான். எனக்கு இங்கிலீசு என்ன தெரியும்? அவன் மூச்சு வாங்குற எடத்துலயெல்லாம் ஒரு ம். அம்புட்டுத்தான்.”

“ஹர்ஷர் பாடத்துல அந்தம்மா என்ன செஞ்சாங்க?” என்று சௌகத் அலி கேட்டார்.

“ஹர்ஷனோ புர்ஷனோ, எனக்குத் தெரியாதுங்க. கடைசியா ஒண்ணு சொன்னான். பாதியில அந்தம்மா தலைவரைப் பாத்துச்சு, அவரு தாளைக் கீழ வெச்சுட்டாரு. தம்பி, இதை யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாரு. இவன், மீரான்னு சொன்னான். வேற எதுவும் சொல்லலை.”

திண்டுக்கல் பஸ்ஸில் வரும்போது சௌகத் அலி பையன்கள் இருவருக்கும் அக்பரையும் ஹர்ஷரையும் திருத்திச் சொல்லிக் கொடுத்தார். மீரானுக்கு முகம் செத்துவிட்டது. தான்தான் தடம் மாறினவன் என்று புரிந்து, கொடைரோடு தாண்டும் வரை அவன் கண்ணுசாமியை நிமிர்ந்து பார்க்கவில்லை. கண்ணுசாமி அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தான்.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. காப்பி அடித்ததாகச் சொன்ன குற்றம் நிலைக்கவில்லை, தண்டனை ரத்து, இருவர் தாள்களையும் வழக்கம்போல் திருத்தி முடிவு அறிவிக்கப்படும். முடிவும் அறிவித்தார்கள். மீரான் பாஸ். கண்ணுசாமிக்கு வரலாற்றில் கொஞ்சம் மார்க் குறைந்து போயிற்று. அக்பர் நடாத மரங்களுக்கு மார்க் கிடையாது.

“வேற எவனையாச்சும் பாத்து எழுதியிருந்தா இந்நேரம் பாஸாயிருப்பான்” என்றார் கருப்புசாமி. ஆனால் அவர் குரலில் வருத்தமில்லை. மறுபரீட்சைக்கு அவரே கல்லூரிக்குப் போய், பேர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

கண்ணுசாமி அக்டோபரில் அந்தத் தாளை எழுதித் தேறினான். பி.ஏ. முடித்து ஒட்டன்சத்திரம் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றான். மீரான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானான். வரலாறு எடுக்க மறுத்துக் கணக்கு எடுத்தான். ஜெய்தூன் பீவி மகனுக்கு வேலை கிடைத்த பிறகும் கடையை மூடவில்லை. முட்டு வலி வந்து நிறுத்தினாள், அதற்குப் பிறகு சில வருஷம்தான் இருந்தாள். கருப்புசாமி கிணறு வற்றிய வருஷத்தில் இறந்தார். குழுத் தலைவரும் அந்த அம்மையாரும் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. சௌகத் அலி பெரிய வக்கீல் ஆகவில்லை. ஒவ்வொரு வருஷமும் முடிவுகள் வந்த பிறகு மாணவர்கள் அவர் மாடிப்படி ஏறினார்கள். காப்பி அடித்தவர்களை ஒத்துக்கொள்ளச் சொல்லித் திருப்பி அனுப்பினார், அடிக்காதவர்களுக்காக எழுதினார். சிலவற்றில் ஜெயித்தார், பலவற்றில் தோற்றார். எழுபத்தொன்பதில் மாரடைப்பில் காலமானார். பேகம்பூரில் அடக்கம் செய்தார்கள்.